மூவரில் ஒருவர் வரவில்லை

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கதையாகிப் போனதற்கு நான் பொறுப்பில்லை. ஐப்பசி மழையும் காவியாவும்தான் பொறுப்பு.

காவியா என் பழைய மாணவி. இப்போது சென்னையில் ஒரு மாத இதழில் உதவி ஆசிரியர். நான் விருத்தாசலத்தில் கௌரவ விரிவுரையாளராக அரசியல் அறிவியல் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் கௌரவ எழுத்தாளன். இரண்டு வேலையிலும் கௌரவம் மட்டும்தான் ஒழுங்காக வந்து சேர்கிறது. அவள் போனில் சொன்னாள்:

"சார், ஒரு நாட்டோட வெளியுறவுக் கொள்கையில ராணுவக் கூட்டணிகளுக்கு என்ன பங்கு? இதான் தலைப்பு. படிக்கிறவங்களுக்குப் புரியணும் சார். கிளாஸ்ல நடத்துனீங்களே, அந்த மாதிரி வாணாம்."

இவ்வளவு பணிவாக ஒருவனை அவமானப்படுத்த முன்னாள் மாணவியால்தான் முடியும்.

உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

நாடுகள் தனித்து வாழ்வதில்லை.

[அடித்துவிட்டேன். பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை போல இருந்தது.]

இரண்டாம் தொடக்கம்:

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலகட்டத்தில்,

[அந்தக் காற்புள்ளியைத் தாண்டியும் விழித்திருந்த மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினேன். இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, பாவம்.]

மூன்றாவது தொடக்கத்தைத் தேடி ஜன்னல் வழியே பார்த்தேன். நான் குடியிருப்பது அமீனுதீன் பாயின் பீங்கான் பட்டறைக்கு மேல் அறை. கீழே முற்றத்தில் மூன்று பேர் ஓர் ஊறுகாய் ஜாடியை நடுவில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பாய், நெஞ்சத் தொட்டுச் சொல்லு. இது நேரா நிக்குதா? பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நிக்குது."

"உங்க செட்டியார் பொம்மைக்கு எல்லாம் உங்க மூஞ்சிண்ணே. கொலுவுக்கு வாங்கிட்டுப் போன வூட்டுல புள்ளைங்க காச்சல்ல படுத்துடுச்சாம்."

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா? மேல பாருங்க, மழ."

முதல் துளி விழுந்தது. சுடாத பீங்கானுக்கு மழை என்பது மரணம். சர்க்கரை போலக் கரைந்துவிடும். மூவரும் சண்டையை அப்படியே தரையில் போட்டுவிட்டு, காய வைத்திருந்த பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போதுதான் கவனித்தேன். ஜாடிக்காரர் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். விளக்குக்காரி பொம்மைகளைத் தூக்கினார். பொம்மைக்காரர், திட்டிக்கொண்டே, அந்தக் கோணல் ஜாடிகளை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். தன் சரக்கை ஒருவரும் தொடவில்லை.

மூன்றாவது தொடக்கம் கிடைத்துவிட்டது. கட்டுரை கைவிட்டுப் போனதும் அந்த நிமிடம்தான்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

அமீனுதீன் பாய் ஜாடி செய்பவர். ஷார்ஜாவில் ஏசி மாட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அடுத்தவனைக் குளிர வைத்தேன், இங்கே நானே வேகிறேன் என்பார். ராஜாங்கம் கொலு பொம்மை செய்பவர். ஊரில் யாரோடு உங்களுக்குச் சண்டையில்லை என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். பூங்கோதை அகல் விளக்கு செய்பவர். அவர் விளக்குகள் கார்த்திகைக்குத் திருவண்ணாமலைக் கடைகளுக்குப் போகின்றன. அவரிடம் வேலை செய்யும் பெண்களும் அவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் கேட்பார்கள். எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூவருக்கும் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையை முறை வைத்து எடுக்கிறார்கள். சூளை ஒரு விசித்திரமான வயிறு. நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் அதே அளவு கேஸைத்தான் தின்னும். தனியாக ஒருவர் சரக்கு அதற்குக் காணாது. மூன்று பேர் சேர்ந்தால் நிறையும். சூளையைப் பார்த்துக்கொள்ளும் செல்வநாயகி அம்மாளுக்கு ஒரே சட்டம்தான்: முறை வந்த காலையில் சூளை நிறையவில்லையென்றால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அடுத்தவர் ஒரு வெளியூர்ப் பெரிய கம்பெனி. கார்த்திகை நெருங்க நெருங்க, அவர்கள் லாரி சூளையின் கேட்டுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கும்.

இனி அவர்களுடைய வழக்கம். இதை நான் கற்பித்துக்கொள்ளவில்லை. கற்பிக்கும் அளவுக்கு எனக்கு மூளை இருந்தால் கட்டுரையையே முடித்திருப்பேன். சூளைக்குள் நடுத்தட்டில் சூடு சீராக இருக்கும். மேலும் கீழும் கொஞ்சம் முன்பின்னாக. தன் சரக்கைத் தானே அடுக்கினால் எவரும் நடுத்தட்டைத்தான் பிடிப்பார். ஆகவே: அவரவர் சரக்கை அவரவர் அடுக்கக் கூடாது. பாய் விளக்கை அடுக்குவார். பூங்கோதை பொம்மையை அடுக்குவார். ராஜாங்கம் ஜாடியை அடுக்குவார். உன் பிழைப்பு என் கையில், என் பிழைப்பு இன்னொருவர் கையில்.

நாடுகள் இதற்குக் கூட்டு ராணுவப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கின்றன. ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக் கப்பலில் ஏறி நிற்பதைச் செய்தியில் காட்டுவார்களே, அது எதிரிக்குக் காட்டுவதற்கு மட்டும் இல்லை. ஒருவர் கையை ஒருவர் பழகிக்கொள்வதற்கு.

3

ஒப்பந்தம் வாய்மொழிதான். கம்பெனி முதன்முதலாக முறையைப் பறித்துக்கொண்ட அன்று சூளை வாசலில் பூங்கோதை சொன்னது:

"இனிமே ஒருத்தர் மேல கை வெச்சா மூணு பேர் மேல வெச்ச மாதிரி."

ஏறக்குறைய இதே வாசகத்தை வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவாக எழுத, எத்தனையோ பேர் கோட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.*

* அந்தப் பிரிவைக் கவனித்துப் படித்தால் ஒரு வேடிக்கை உண்டு. தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ, ஒவ்வொரு நாடும் 'தான் அவசியம் என்று கருதும்' நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது. படை அனுப்புவது அதில் அடங்கும். கெட்டிக்கார வக்கீல் இருந்தால், போன் போட்டு 'அடடா' என்பதும் அடங்கும். மிச்சமெல்லாம் நம்பிக்கை.

கூட்டணியில் சேரும் நாட்டுக்கு இரண்டு பயங்கள். ஆபத்து வரும்போது நண்பன் வராமல் போய்விடுவானோ என்பது ஒன்று. நண்பனின் அசட்டுச் சண்டைக்கு நாமும் போக வேண்டியிருக்குமோ என்பது இன்னொன்று. முதல் உலகப் போருக்குள் ஐரோப்பா இப்படித்தான் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே போய் விழுந்தது. எங்கள் பேட்டையில் இரண்டாவது பயத்துக்கு ராஜாங்கம் என்று பெயர்.

இங்கே டீக்கடை வைத்திருக்கும் கண்ணம்மாள், கண்ணாடி கிளாஸை எடுத்துவிட்டுப் பேப்பர் கப் வைத்தார். ராஜாங்கம் அதைப் போர்ப் பிரகடனமாக எடுத்துக்கொண்டார்.

"பீங்கான் ஊர்ல பேப்பர் கப்பா? இதுல குடிச்சா நாங்க சட்டிய எவன் தலையில கவுக்கறது?"

"நீ பீங்கான் கப்பு குடு, நான் ஊத்தித் தரேன்" என்றார் கண்ணம்மாள்.

ராஜாங்கம் பொம்மை செய்பவர். அவரிடம் கப் இல்லை. இருந்தது தசாவதாரம் மட்டும்தான். அதில் டீ ஊற்ற வசதியில்லை. ஆகவே அன்றே கடைப் புறக்கணிப்பு அறிவித்தார். ஒப்பந்தப்படி பாயும் பூங்கோதையும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் மழையில் ஜங்ஷன் வரை நடந்து போய் டீ குடித்தார்கள். அங்கேயும் பேப்பர் கப்தான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் ரகசிய இணைப்பு.

நான்? வருஷா வருஷம் அணிசேராக் கொள்கை நடத்துகிறவன். எந்தப் பக்கமும் சேரவில்லை. கண்ணம்மாள் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போய்க் குடித்தேன்.

4

ஒரு மழை மதியம். ஒரு பொருளும் காயவில்லை. மூவரும் பாயின் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் படியில் இறங்கி வந்தேன்.

"சார், எங்களப் பத்தி எழுதுறீங்களாமே?" என்றார் பூங்கோதை. "படிங்க, கேக்கறோம். மழயில வேற இன்னா வேல?"

எழுத்தாளனிடம் ஒருவர் 'படிங்க' என்று சொல்வது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடிக் கைப்பிரதியை எடுத்து வந்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கதையில் நான் மூவரையும் நாடுகளாக்கியிருந்தேன். தன் நாட்டிடம் அணுகுண்டு உண்டா என்று ராஜாங்கம் கேட்டார். இல்லை என்றதும் முகம் சுருங்கியது. "பாய்கிட்ட?" அவரிடமும் இல்லை. "அப்ப சரி." தன் நாட்டுக்குக் கடற்கரை வேண்டும் என்றார் பூங்கோதை, இந்த ஊரில் அதுதான் குறையாம். கொடுத்தேன். பாய் மட்டும், "எண்ணெ வள நாடா போட்டுடாதீங்க சார், சொந்தக்காரங்க கடன் கேப்பாங்க" என்றார்.

பிறகு அந்த வரி வந்தது. கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டுமே என்று எழுதி வைத்த வரி. யார் என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

சூளை நாளன்று மூவரில் ஒருவர் வரவில்லை.

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"யாரு சார் அது?" என்றார் பூங்கோதை.

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

"எழுதிட்டு முடிவு பண்ணலயா?"

"கதைன்னா அப்படித்தாங்க. எழுத எழுதத்தான்…"

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்க விடவும் இல்லை.]

"சார் மேல இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார் ராஜாங்கம், பாயைப் பார்த்து. பாய் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை ராஜாங்கத்தைப் பார்த்தார். வரப்போகும் முறை பூங்கோதைக்குக் கார்த்திகைக்கு முன்னால் கடைசி முறை. அது தவறினால் அத்தனை விளக்கும் அடுத்த வருஷம்வரை வெறும் மண்.

"எனக்கு வூட்டுல வேல இருக்குது" என்று பூங்கோதை எழுந்துகொண்டார். மற்ற இருவரும் எழுந்தார்கள். முதன்முறையாகச் சண்டை போடாமல் பிரிந்தார்கள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

5

இந்தப் பகுதியை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதுகிறேன். ஆனால் பெயர் சொல்லமாட்டேன். குரலையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இது அச்சில் வரப்போகிறது, அவர்கள் படிக்கப் போகிறார்கள்.

மறுநாள் காலை மூவரில் ஒருவர் படியேறி வந்தார். கதவைச் சாத்தினார்.

"சார், அந்த வராத ஆளு நான்தானே? எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்களாம். எங்களோடு வந்துவிடு, அச்சு எல்லாம் நாங்கள் தருகிறோம், சூளை நாளன்று மட்டும் வீட்டிலேயே இரு என்று. "முடியாதுன்னு சொல்லல சார். சரின்னும் சொல்லல. சத்தியமா."

மதியம் இன்னொருவர். அதே கதவு, அதே கேள்வி: "நான்தானே சார்?" சின்னதாக ஒரு கரண்ட் சூளை பார்த்து வைத்திருக்கிறாராம். தன் சரக்குக்கு மட்டும் போதும். இனி யாருடைய சண்டைக்கும் மழையில் நடந்து போய் டீ குடிக்க வேண்டியதில்லை. "ஆனா அவங்க ரெண்டு பேரும் சூளைய எப்படி நெரப்புவாங்கன்னு நெனைச்சா சோறு எறங்கல சார்."

சாயங்காலம் மூன்றாமவர். நானே கதவைச் சாத்தினேன். "நீங்கதான்" என்று நானே சொல்லிவிட்டேன். ஆச்சரியத்தில் அவருக்கு வாய் திறந்தபடி நின்றது. வெளியூரில் மச்சான் கடை வைத்திருக்கிறாராம். இந்த மண், மழை, காத்திருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார் என்கிறாராம். "உக்காந்துடலாம்னுதான் தோணுது சார். ஆனா கல்லாவுல உக்காந்துகிட்டு நான் யார வம்புக்கு இழுக்கறது?"

(அது ராஜாங்கம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வம்பிழுப்பதில் மற்ற இருவரும் குறைந்தவர்கள் இல்லை.)

ஆக, நான் கற்பனையாக எழுதிய ஒற்றை வரி உண்மையாகவும் இருந்தது, ஒன்றுக்கு மூன்றாகவும் இருந்தது. மூவருக்கும் போகத் தோன்றியிருக்கிறது. மூவரும் போகவில்லை. வெளியுறவுக் கொள்கையை இத்தனை வருஷம் நடத்தி நான் கற்றுக்கொள்ளாததை ஒரே நாளில் படியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்: எந்தக் கூட்டணியிலும் எல்லோரும் ரகசியமாக வாசலைப் பார்த்து வைத்திருப்பார்கள். கூட்டணி என்பது, அப்படிப் பார்த்து வைத்திருப்பதை அடுத்தவர் அறியாமல் இருப்பது. அதில் ஒரு முட்டாள் வந்து, மழை நாளில், உரத்த குரலில் வாசித்துவிட்டால் —

[இந்த வாக்கியத்துக்கு முடிவு தேவையில்லை. முட்டாளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.]

6

சரிசெய்ய முயன்றேன். எழுத்தாளனுக்குத் தெரிந்த ஒரே வழியில்: வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மூவரும் வந்தார்கள். சூளை எரிந்தது. சுபம். [ராஜாங்கம் நம்பமாட்டார். நானே நம்பவில்லை.]

முடிவு ஆ: வராதவர் நான்தான். ஆசிரியர் ஊரைவிட்டு ஓடிவிட்டார். [கவர்ச்சியாக இருந்தது. பஸ் நேரம்கூடப் பார்த்தேன்.]

முடிவு இ: திடீரென்று புயல் வந்து,

[கதையை வளர்க்கத் தெரியாதவன்தான் வானத்தைக் கூப்பிடுவான். ஐப்பசியில் அது நிஜமாகவே வந்துவிடும் ஆபத்தும் உண்டு. என் வரிகளுக்கு அப்போது அப்படி ஒரு ராசி.]

காவியா போன் செய்தாள். "சார், கட்டுரை?"

"போர் நடந்துகிட்டு இருக்கும்மா. முடிஞ்சதும் அனுப்பறேன்."

"எந்தப் போர் சார்?" என்று பதறினாள்.

7

சூளை நாள். மழை விட்டிருந்தது. நான் விடியும்போதே போய்விட்டேன், யார் வரவில்லை என்று பார்க்க. எனக்கு முன்பே மூவரும் அங்கே இருந்தார்கள். வராதவன் என்று பெயர் வாங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் மற்ற இருவரை முந்தப் பார்த்ததில், சாவியோடு வரும் செல்வநாயகி அம்மாள்தான் தாமதமாக வந்தவராகிவிட்டார்.

கேட்டுக்கு வெளியே லாரி. லாரிக்கு முன்னால் கம்பெனியின் வெள்ளைச் சட்டைக்காரர், மணியைப் பார்த்தபடி.

"இன்னிக்கி அவங்கவங்க சரக்க அவங்கவங்க அடுக்கிக்கலாம்" என்றார் பூங்கோதை.

ஒருவரும் மறுக்கவில்லை. அதுதான் மோசம். மூவரும் தங்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு சூளைக்குள் நுழைந்தார்கள். மூவரும் நடுத்தட்டுக்கே போனார்கள். மூன்று பலகையும் முட்டிக்கொண்டு நின்றன. மேல்தட்டு காலி, கீழ்த்தட்டு காலி.

"கொஞ்சம் நவுருங்கண்ணே."

"நீ நவுரு பாய்."

"நான் எதுக்கு நவுரணும்? எனக்கு இது கடைசி முற" என்றார் பூங்கோதை. குரல் லேசாக உடைந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

"இன்னாம்மா, நெரப்புவீங்களா மாட்டீங்களா?" என்றார் செல்வநாயகி அம்மாள். "லாரிக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

பூங்கோதை சுற்றும் முற்றும் பார்த்தார். பார்வை என்மேல் நின்றது.

"சார் அடுக்கட்டும். அவருதான் எந்தப் பக்கமும் இல்ல."

இப்படியாக ஐ.நா. அமைதிப் படை களத்தில் இறங்கியது. படையின் மொத்த பலம் நான் ஒருவன். விளக்குப் பலகையை வாங்கினேன். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. முழங்கை கதவில் இடித்தது. சுடாத விளக்கு உடையும்போது பெரிய சத்தம் ஒன்றும் வராது, பொத்தென்று, அவ்வளவுதான்.

"யோவ் சாரு!" என்றார் ராஜாங்கம்.

"கண்ணு எங்க சார் வெச்சிருக்கீங்க?" என்றார் பாய்.

"வாயால மட்டுமில்ல, கையாலயும் கெடுப்பீங்களா?" என்றார் பூங்கோதை.

மூன்று பேரும் சேர்ந்து திட்டினார்கள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் மூவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கூட்டணிக்கு ஒரு பொது எதிரி வேண்டும். அந்த வேலை காலியாக இருந்தது, நான் சேர்ந்துகொண்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளே வந்திருந்தார்.

"சார ஏம்மா திட்றீங்க? அந்த ஜாடிங்களப் பாருங்க, அதுவே கோணலாத்தான் நிக்குது. இதுக்குப் போயி ஒரு சூளைய வீணாக்கிக்கிட்டு…" சொல்லிக்கொண்டே மூவரில் ஒருவரைப் பார்த்துப் பழகியவர் போலப் புன்னகைத்தார்.

ராஜாங்கம் கையிலிருந்த பலகையை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் எதையும் மெதுவாக வைத்து நான் பார்த்ததில்லை.

"இன்னாய்யா சொன்ன?"

"ஜாடி கோணல்னு…"

"கோணல்தான்யா. நான் சொல்லுவன். தெனமும் சொல்லுவன். அது எங்க வூட்டுக் கோணல். நீ யாரு அதச் சொல்றதுக்கு?"

"அண்ணே, விடுங்கண்ணே" என்றார் பாய்.

"நீ சும்மா இரு பாய். ஜாடிதான் உன்னுது. சண்ட என்னுது."

பூங்கோதை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "கேட்டுக்கங்க சார். ஜாடி கோணலா இருந்தாலும் ஊறுகா நேரா இருக்கும். வெளியில நில்லுங்க. சூள எங்களுது இன்னிக்கி."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று பிறகு என்னிடம் சொன்னார். நானும் தூசி என்றே எழுதிக்கொள்கிறேன். பிறகு குனிந்து ஒரு பலகையைத் தூக்கினார். அது விளக்குப் பலகை. யோசித்துத் தூக்கவில்லை, கை பழக்கத்தில் போனது. நேராக நடுத்தட்டில் கொண்டுபோய் அடுக்க ஆரம்பித்தார். பூங்கோதை பொம்மைகளை எடுத்தார். ராஜாங்கம் திட்டிக்கொண்டே ஜாடிகளை எடுத்தார். சூளை நிறைந்தது.

புன்னகையைப் பெற்றுக்கொண்ட அந்த ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தார், நான் கவனிக்கவில்லை. நான் உடைந்த விளக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சுடறதுக்கு முன்னாடிதானே சார் ஒடஞ்சுது" என்றார் பூங்கோதை, போகிற போக்கில். "தண்ணி ஊத்திப் பெசஞ்சா மறுபடி மண்ணுதான். விடுங்க."

செல்வநாயகி அம்மாள் கதவைச் சாத்தினார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

8

சமாதான மாநாடு கண்ணம்மாள் டீக்கடையில் நடந்தது. ராஜாங்கம்தான் முதலில் உள்ளே நுழைந்தார், கையில் ஒரு சின்ன உப்பு ஜாடியோடு. பாயின் பழைய சரக்கு, விற்காமல் ஒதுக்கியது. அதைக் கண்ணம்மாளிடம் நீட்டினார்.

"பீங்கான் கேட்டியே. இந்தா. இதுல ஊத்து."

"கோணலா இருக்குதேய்யா."

"நீ ஊத்தும்மா. குடிக்கிறவன் நான்."

ஊற்றினார். ஒரு பக்கம் நிறைந்தும் இன்னொரு பக்கம் நிறையாமலும் நின்ற டீயை ராஜாங்கம் தலையைச் சாய்த்துக் குடித்தார். பாய் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், பிஸ்கட் துண்டோடு இருமினார். கண்ணம்மாள் என்னைப் பார்த்து, "என்ன சார், இன்னிக்கி முன்வாசலா?" என்றார். மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். அணிசேராக் கொள்கை அத்தோடு அம்பலமானது.

"அது போவட்டும். அந்த வரிய அடிச்சிடுங்க சார்" என்றார் பூங்கோதை.

"எந்த வரி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"அடிக்க வாணாம்" என்றார் ராஜாங்கம். "இருக்கட்டும். பயம் இருந்தாத்தான் எல்லாரும் நேரத்துக்கு வருவாங்க."

நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். பயம் காட்டியே போரைத் தடுக்கும் தடுப்பாற்றல் கோட்பாட்டை இவ்வளவு சுருக்கமாக நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

"'மூவரில் ஒருவர் தாமதமாக வந்தார்'னு போடுங்க" என்றார் பாய். "யாருக்கும் மானம் போவாது."

"எனக்குப் போவும். நான் என்னிக்கி லேட்டா வந்திருக்கன்?" என்றார் ராஜாங்கம்.

"அப்ப 'மூவரில் ஒருவர் வராமல் இருக்க நினைத்தார்'?" என்றேன் நான்.

மூன்று பேரும் தங்கள் கப்பையும் ஜாடியையும் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். நானும் மிகுந்த அக்கறையோடு பலகாரக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உலக வரலாற்றில் எந்தத் தூதரும் ஒரு பருப்பு வடையை அவ்வளவு ஆழ்ந்து கவனித்திருக்கமாட்டார்.

"வாணாம்" என்றார்கள் மூவரும் ஒரே நேரத்தில்.

கடைசியில் பூங்கோதை தீர்ப்புச் சொன்னார். "பாதி வரியோட விட்டுடுங்க சார். 'மூவரில் ஒருவர்'. அதோட நிறுத்துங்க. மிச்சத்த அன்னன்னிக்கி பாத்துக்கலாம்."

9

காவியா படித்துவிட்டு போன் செய்தாள்.

"சார், இது கட்டுரையே இல்ல."

"தெரியும்மா."

"ஆனா புரியுது சார்." காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "கடைசி வரி மட்டும் பாதியில நிக்குது. டைப் பண்றப்ப விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. ஒப்பந்தம்."

ஒன்றை மட்டும் உங்கள் ஊகத்துக்கு விடமாட்டேன், நானே சொல்கிறேன்: விளக்குகள் நன்றாக வெந்து வந்தன. கார்த்திகைக்குத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தன. ஜாடிகள் கோணலாகவே வந்தன. செட்டியார் பொம்மைகள் ராஜாங்கமாகவே வந்தன.

அடுத்த முறை பொங்கலுக்குப் பிறகு. கம்பெனி இன்னும் கூப்பிடுகிறது. கரண்ட் சூளைக்காரர் இன்னும் விலைப்பட்டியல் அனுப்புகிறார். மச்சான் கடையில் கல்லா இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும். மூவருக்கும் தங்களுடையது மட்டும் தெரியும். இதைப் படித்தால் மற்ற இரண்டும் தெரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். தெரியட்டும். யார் எது என்று தெரியாத வரைக்கும், ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் பார்த்து, 'நம்மைப் போலத்தான், போகத் தோன்றியும் போகாமல் இருக்கிறார்' என்று நினைத்துக்கொள்ளலாம். எந்த நாட்டு ஒப்பந்தத்திலும் இதைவிட உறுதியான பிரிவை நான் படித்ததில்லை.

கீழே முற்றத்தில் மறுபடி சத்தம். ஒரு ஜாடியைப் பற்றித்தான். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

பேனா இனி உங்களிடம். இந்த வரியை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மட்டும், அவர்கள் காதுபட, சத்தமாக வாசித்துவிடாதீர்கள்.

சூளை நாளன்று மூவரில் ஒருவர்